மூச்சுக்கு விட்ட இடம்

உறையின் மேல் வினிபிரட் மாமியின் பெயர் மட்டும்தான் இருந்தது. திருமதி வினிபிரட் நேசையா, உடுவில். அதற்குக் கீழே இன்னொரு பெயர் எழுதக்கூடிய அளவுக்கு வெள்ளையாக இடம் கிடந்தது. மருமகள் குணலட்சுமியின் கண் அந்த வெள்ளையில்தான் போய் விழுந்தது. வெளிநாடு போய் நாலு வருடமான புருசன், ஏழு மாதம் கடிதமே போடாமல் இருந்துவிட்டு ஒரு பார்சல் அனுப்பினால் பெண்சாதிக்காரி எதைப் பார்ப்பாள்? முத்திரையின் அழகையா?

பார்சலைக் கொண்டுவந்தவ யோசப்பின் என்கிற ரீச்சர். கொழும்பில் படிப்பிக்கிறவ, சுகமில்லாத தாயைப் பார்க்கக் கிளாலிக் கடலால் வள்ளத்தில் வந்திருந்தா.

"போட்டுக்குள்ளை தண்ணி ஏறிப்போட்டுது. இதை மட்டும் நனையவிடேல்லை, மடிக்குள்ளை வைச்சுக்கொண்டு வந்தனான்" என்றா. "நத்தாருக்கு முன்னம் திரும்பிப் போறன். மறுமொழி ஏதும் இருந்தால் இருபதாந் திகதி விடியத் தாருங்கோ."

உள்ளே ஒரு கசற் ரேப்பும் ஒரு துண்டுக் கடதாசியும் இருந்தன. "அம்மா, இஞ்சை ஸ்னோ கொட்டத் துவங்கியிட்டுது. எழுத வருகுதில்லை. இதைக் கேளுங்கோ. லயனல்." அவ்வளவுதான். குணலட்சுமி கடதாசியைப் பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமை.

அவள் எதற்காக அப்படித் தேடினாள் என்பதைச் சொல்லவேண்டும். வைகாசியில் வந்த அவனுடைய கடைசிக் கடிதம் அவளுக்குத்தான் வந்தது. நோர்வேயின் வடக்குத் தொங்கலில் ஒரு மீன் தொழிற்சாலையில் வேலை, மாரியில் இரண்டு மாதம் சூரியனே எழும்பாது, அவளைக் கூப்பிட எழுதிக் கொடுத்த பத்திரம் இரண்டாம் முறையும் திரும்பிவிட்டது என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தான்: "இனிமேல் உன்னைக் காத்திரு எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. கொண்ணர் கூப்பிட்டால் போ. நான் குறை நினைக்கமாட்டன்." அவள் மூன்று கடிதம் எழுதினாள். போகமாட்டேன் என்று மூன்றிலும் எழுதினாள். அவன் இதற்கிடையில் வேறு ஊர், வேறு தொழிற்சாலை என்று மாறிவிட்டானாம், ரீச்சர்தான் சொன்னா. கடிதங்கள் கப்பலில் போனதா, கடலில் போனதா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அண்ணனோ கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தான். முத்துக்குமாரு இணுவிலில் புகையிலை வைக்கிறவன். தங்கச்சி வேதக்காரப் பொடியனைக் கட்டினாள் என்று நாலைந்து வருடம் இந்தப் படலையை எட்டிப் பார்க்காதவன், கடிதத்தின் கதை காதில் விழுந்ததும் சைக்கிளில் வந்து இறங்கினான்.

"அவனே போ எண்டு எழுதிப்போட்டான். பிறகு உனக்கு இஞ்சை என்ன வேலை? மாமிக்கு மா இடிக்கவோ? தைப்பொங்கலோடை வீட்டை வந்திடு."

"பாப்பம் அண்ணை" என்று அவள் சொல்லியிருந்தாள். யாழ்ப்பாணத்தில் 'பாப்பம்' என்றால் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு தை வரைக்கும்தான் ஓட்டலாம்.

ரேப்பைக் கேட்பதென்றால் லேசான காரியமில்லை. தொண்ணூறாம் ஆண்டு போன கரண்ட் தொண்ணூற்றிரண்டு முடியப்போகிறது, இன்னும் வரவில்லை. பற்றரியை யாழ்ப்பாணத்துக்குள் வரவிடாமல் அரசாங்கம் தடுத்திருந்தது. ஆனபடியால் ஊரில் எல்லோரும் செய்கிறதைத்தான் இவர்களும் செய்தார்கள். செத்துப்போன நேசையா மாமாவின் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பின்சில்லில் கிடந்த டைனமோவிலிருந்து வயர் எடுத்து ரேப் றெக்கோடருக்குக் கொடுத்திருந்தார்கள். பெடலைக் கையால் சுற்றினால் ரேப் ஓடும். வயர் வேலை செய்து தந்தவர் மருதனார்மடத்தில் றேடியோ திருத்துகிற கனகசபாபதி. "கண்டபாட்டுக்கு வேகமாச் சுத்தாதையுங்கோ, உள்ளுக்கு எரிஞ்சுபோம்" என்று அவர் சொன்னதை மாமி வேதவாக்காக எடுத்துக்கொண்டா. ஆட்டுக்கல்லில் உழுந்து ஆட்டுகிற வேகத்துக்கு மேல் அந்த வீட்டில் பெடல் சுற்றியதே கிடையாது.

மாமி சுற்ற, இருவரும் கேட்டார்கள். கிற்றார் மட்டும். ஒரு சொல்லுக் கதை இல்லை. நாலைந்து நிமிடம் ஒரே மாதிரியாக மெல்ல மெல்ல நடந்து, இடைக்கிடை நின்று, திரும்ப நடந்து, முடிந்துபோனது.

வினிபிரட் மாமி முப்பத்தொரு வருடம் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவ. சாதாரணமாகவே மனுசிக்கு ஒன்றும் பிடிக்காது.

"இதென்ன, மெட்டு எங்கை? மா இடிச்சமாதிரி ஒரே அடி அடிச்சு வைச்சிருக்கிறான்" என்றா. கொஞ்ச நேரம் பொறுத்து, "அம்மா சுகமோ எண்டு ஒரு வார்த்தை கேக்கக்கூடாதோ" என்றா. பிறகு அரிசி புடைக்கவேண்டும் என்று எழும்பிப் போனா. புடைக்க அரிசி இருக்கவில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

குணலட்சுமி தனியே இருந்து சுற்றினாள். ஒரு கையால் பெடல், காது றெக்கோடருக்குப் பக்கத்தில். கிற்றார் நாலு நடை நடந்தது, நின்றது. அந்த நிற்கிற இடத்தில் எங்கேயோ ஒரு கதிரை முனகியது, வெளியில் காற்று எதையோ உரசியது. பிறகு திரும்பவும் நாலு நடை. மூன்றாவது தரம் அது நின்றபோது குணலட்சுமியின் நெஞ்சு தன்பாட்டில் விரிந்து மூச்சை உள்ளே இழுத்தது. பாடப்போகிறவள் இழுக்கிற மூச்சு. அவள் பெடலை விட்டுவிட்டாள். 

அவளும் லயனலும் ஒருவரையொருவர் முதலில் பார்க்கவில்லை, கேட்டார்கள். மார்கழி விடியலில் சங்கும் சேமக்கலமுமாக இணுவில் ஒழுங்கைகளில் பாடிக்கொண்டு வருகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. கூட்டம் உடுவில் எல்லையில் திரும்புகிற இடத்தில் ஒரு வேலி. வேலிக்கு உள்ளே இருந்து ஒருநாள் கிற்றார் கேட்டது. சைவப் பாட்டுக்கு வேதக்கார வீட்டிலிருந்து கிற்றார்! கூட்டத்தில் பெரியவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அவள் மட்டும் வேண்டுமென்றே கடைசி அடியை இழுத்தாள், அது என்ன செய்கிறதென்று பார்க்க. கிற்றார் நின்று காத்திருந்தது. அவள் மூச்சு எடுத்துப் பாடத் தொடங்கிய பிறகுதான் அதுவும் தொடங்கியது.

கலியாணம் முடிந்து அவள் வேதக் கோயிலின் நத்தார்க் கீதக் குழுவில், கிறிஸ்து பிறப்புப் பாட்டுப் பாடப்போனபோதும் அதே கதைதான். அவள் எழுத்துப் பார்த்துப் படித்தவளில்லை, கேட்டுப் படித்தவள். அடி முடிவில் இரண்டு தட்டு இழுத்துவிட்டுத்தான் மூச்சு எடுப்பாள். குழுவை நடத்தியவர் தலையில் அடித்துக்கொள்வார். "தம்பி லயனல், பாட்டு உம்மடை கிற்றாருக்குப் பின்னாலை வரோணும். நீர் பாட்டுக்குப் பின்னாலை போறீர்" என்பார். "ஓம் அண்ணை" என்பான் லயனல். சொல்லிவிட்டுத் திரும்பவும் காத்திருப்பான். உலகத்தில் வேறு எந்தக் கிற்றார்க்காரனும் அப்படி, அந்த இடத்தில், அவ்வளவு நேரம் நிற்கமாட்டான்.

அவள் குசினிக்கு ஓடினாள்.

"மாமி, உது பாட்டில்லை. பாட்டுக்குப் பின்னாலை வாசிக்கிறது. பாடுற ஆள் இல்லாமல் வாசிச்சிருக்கிறார்."

மாமி வெறுஞ் சுளகைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தா. "எனக்கெண்டுதான் அனுப்பினவன். உறையிலை என்ரை பேர்தான் கிடக்கு."

"பேர் உங்கடைதான். மூச்சுக்கு விட்ட இடம் என்ரை."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது மாமிக்கு எப்படிச் சுட்டிருக்கும் என்று அவளுக்கு விளங்கியது. மாமி சுளகைச் சுவரில் கொழுவினா. குணலட்சுமிக்கும் உள்ளே பயம் இருந்தது. ஒருவேளை அவன் பழக்க தோசத்தில் அப்படி வாசித்திருக்கலாம். கைக்கு ஒருமுறை பழகினது லேசில் போகாது. அவளை நினைத்துத்தான் வாசித்தான் என்றால் உறையில் அவள் பெயரையும் எழுத அவனுக்கு என்ன வந்தது?

எந்தப் பாட்டுக்கு வாசித்திருக்கிறான் என்று கண்டுபிடித்தால் விடை கிடைத்துவிடும் என்று நினைத்தாள். கோயில் கீதங்களை ஒவ்வொன்றாகப் பாடிப் பார்த்தாள், ஒன்றும் பொருந்தவில்லை. இணுவில் விடியற் பாட்டுகளும் பொருந்தவில்லை. அவன் றேடியோவில் கேட்டு முணுமுணுத்த சினிமாப் பாட்டுகளும் இல்லை. கடைசியில் மாமியே பொறுக்கமாட்டாமல் ஞானப்பாட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தா. பக்கம் பக்கமாகத் தட்டினா, விரலால் தாளம் போட்டா, புத்தகத்தை மூடினா.

"இந்த நடைக்குப் பாட்டில்லைப் பிள்ளை" என்றா. "இல்லாத பாட்டுக்கு வாசிச்சுப்போட்டிருக்கிறான், விசரன்."

இல்லாத பாட்டென்றால் உண்டாக்கத்தான் வேண்டும். குணலட்சுமி தன் வாழ்நாளில் பாட்டுக் கட்டினவளில்லை. வீட்டுக்குப் பின்னால் இரண்டு பரப்பு நிலத்தில் வெங்காயம் வைத்திருந்தாள், அதற்குப் பாத்தி கட்டுவதுதான் அவளுக்குத் தெரிந்த கட்டு. ஆனாலும் விடிய எழும்பித் துலா மிதித்துத் தண்ணீர் இறைக்கும்போது கிற்றாரின் நடை காலுக்குள் வந்து நின்றது. மார்கழியில் விடியக் கிணற்றுத் தண்ணீர் சூடாக இருக்கும். வெளியில் பல்லுக் கிட்டும், வாளிக்குள் கை வைத்தால் ஆவி பறக்கும். அவள் வாய் அதைத்தான் முதலில் பாடியது.

விடியக் கிணத்திலை அள்ளின தண்ணி
வெதுவெதெண்டு கிடக்குது
மேலை குளிருது கீழை சுடுகுது
மார்கழி இப்பிடி நடக்குது

இது என்ன பாட்டு என்று அவளுக்கே வெட்கமாக இருந்தது. அடுத்த நாள் வெங்காயத்துக்குள் குந்தியிருந்து களை பிடுங்கும்போது இன்னொன்று வந்தது.

வெங்காயத் தாளிலை நிக்கிற பனியை
வெய்யில் வந்து துடைக்குது
உங்கை கிடக்கிற பனியை ராசா
ஆர் வந்து துடைக்கிறது

"ராசாவோ?" என்று வேலிப் பக்கமிருந்து குரல் கேட்டது. மாமி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றா. "அவன் மீன் வெட்டுறான்."

குணலட்சுமிக்கு முகம் சிவந்துபோனது. மாமி நனைந்த சீலையை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமலே சொன்னா:

"துடைக்கிறது எண்ட இடத்திலை சுருதி இறங்குது. அவன் அங்கை மேலை போறான், நீ கீழை போறாய். ரெண்டு பேரும் எங்கை சந்திக்கிறது? இன்னொருக்காப் பாடு."

அன்றைக்குத் தொடங்கியது படிப்பு. காலையில் குண்டுபோடுகிற பொம்பர் வராத நேரமாகப் பார்த்து மாமி சைக்கிளுக்குப் பக்கத்தில் பலகைக்கட்டையைப் போட்டுக்கொண்டு இருப்பா. உழுந்து ஆட்டுகிற அதே வேகத்தில் பெடல் சுற்றும், லயனலின் கிற்றார் வரும், குணலட்சுமி அதற்கு மேல் பாடுவாள். மாமி பிழை பிடிப்பா. ஓதுவார் மாதிரி இழுக்காதே என்பா. பிறகு, இழுத்தால்தான் அவன் நிற்கிற இடத்துக்குப் பொருந்துகிறது என்று தானே கண்டுபிடித்து, "சரி, உன்ரை இழுவையை இழு" என்பா. அந்த வீட்டில் நாலு வருடமாக மாமியும் மருமகளும் கதைத்த கதை முழுவதும் உப்பு, மண்ணெண்ணெய், கிணற்றுக் கயிறு என்பதற்குள் அடங்கிவிடும். இந்தப் பத்து நாளில் அதைவிடக் கூடவாகக் கதைத்துவிட்டார்கள்.

இருபதாந் திகதி விடிய, யோசப்பின் ரீச்சர் வரமுன் பதிவு செய்வதென்று முடிவு. லயனலின் ரேப்பில் மற்றப் பக்கம் வெறுமையாக இருந்தது. ஆனால் அதைத் திருப்பி அனுப்ப இருவருக்கும் மனம் வரவில்லை. பெட்டிக்குள் கிடந்த பழைய பிரசங்க ரேப் ஒன்றை எடுத்தார்கள். போதகர் குறை நினைக்கமாட்டார் என்று மாமியே தீர்ப்புச் சொன்னா. யன்னலைச் சாத்தி, கோழியைக் கூட்டுக்குள் விட்டு, மாமி பெடலில் கை வைத்தா.

"ம். துவங்கு பிள்ளை."

ஒரே றெக்கோடர்தான், கிற்றாரைப் போட்டுக்கொண்டு பதிய வழியில்லை. குணலட்சுமி கிற்றாரை மனதுக்குள் நடக்கவிட்டுப் பாடினாள். கிணற்றுத் தண்ணீரைப் பாடினாள். வெங்காயத் தாளைப் பாடினாள். மாமியின் மூச்சும் பெடலின் கிறீச்சும் பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தன. பிறகு, மாமிக்கு ஒருநாளும் பாடிக்காட்டாத மூன்றாவதைப் பாடினாள். அதை அவள் முந்தின நாள்தான் கட்டினாள். காட்டினால் மாமி வெட்டிவிடுவா என்று ஒளித்துவைத்திருந்தாள்.

பெட்டிக்குள் இருக்கிற உன்ரை உடுப்பைப்
பிறகும் பிறகும் மடிக்கிறா
எனக்குத் தெரியாது எண்டு நினைச்சு
என்ரை மாமி அழுகிறா

மாமி தலை நிமிரவில்லை.  ஆனால் கை தளர்ந்துபோனது. சில்லு மெல்ல மெல்ல, இப்போதோ பிறகோ நிற்பேன் என்பதுபோல் சுற்றியது. குணலட்சுமி கடைசி அடியைப் பாடி முடிக்கும்வரை அது நிற்கவில்லை, அவ்வளவுதான்.

"இன்னொருக்காப் பாடுவமோ மாமி?"

"வேண்டாம்" என்றா மாமி. சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "முடிஞ்சுது. குடுத்துவிடு" என்றா.

ரேப்பை யோசப்பின் ரீச்சர் மடிக்குள் வைத்துக்கொண்டு போனா. நத்தார் முடிந்த கிழமை டைனமோ வயர் ஒன்று விட்டுப்போக, இருவருமாகக் கனகசபாபதியிடம் போனார்கள். மனுசன் வயரைப் பொருத்திவிட்டு, சோதித்துப் பார்க்கக் கடை ரேப் ஒன்றைப் போட்டு, சுற்றச் சொன்னார். மாமி தன் வழக்கமான வேகத்தில் சுற்றினா. பாடகரின் குரல் குளிரில் விறைத்த மாடுபோல் முனகியது.

"என்னக்கா, எப்பவும் உப்பிடியோ சுத்திறனீங்கள்?" என்றார் கனகசபாபதி. "எரிஞ்சுபோம் எண்டு நான் சொன்னது ஓட்டப்பந்தயத்துக்கு. உது தூங்கி வழியுது."

"பதியேக்கையும் உப்பிடித்தான்" என்றாள் குணலட்சுமி.

அவர் சிரித்தார். வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள் என்று தெரிந்திருந்தால் சிரித்திருக்கமாட்டார். "மெல்ல ஓடேக்கை பதிஞ்சதை, ஒழுங்கான கரண்டிலை போட்டால் ரெண்டு மடங்கு வேகத்திலை ஓடும் பிள்ளை. அணில் கத்தினமாதிரித்தான் கேக்கும். சுத்திறது கூடிக் குறைஞ்சால் குரலும் ஏறி இறங்கும்."

குணலட்சுமி டைனமோவையே பார்த்தாள். அப்படியென்றால் அவன் கேட்கப்போவது அணிலின் சத்தம். அது மட்டுமா? இவர்கள் கேட்டுப் படித்த கிற்றாரே அவன் வாசித்த கிற்றார் இல்லை. மெல்ல ஓடி, சுருதி இறங்கிப்போன கிற்றார். இல்லாத சுருதிக்குப் பாட்டுக் கட்டி, அதை அணிலாக்கிக் கடல் தாண்டி அனுப்பியிருக்கிறாள். அவன் ஒன்றரை நிமிடத்தில் நிறுத்திவிட்டு எறிந்துவிடுவான். இதுதான் அவளுடைய மறுமொழி என்று நினைப்பான்.

கனகசபாபதி ஒரு சின்ன ரோச் பல்ப்பை வயரோடு சேர்த்துக் கட்டித் தந்தார். அது மங்காமல் ஒரே வெளிச்சத்தில் எரிந்தால் வேகம் சரியென்று அர்த்தமாம். நேரத்துக்குத் தந்திருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும்! திரும்பி வரும்போது இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார்கள். பாதி வழியில் மாமி நின்றா.

"என்ரை கைதான்" என்றா. "நான் கெடுத்துப்போட்டன்."

"நீங்கள் கெடுக்கேல்லை மாமி" என்றாள் குணலட்சுமி. 

தைப்பொங்கலன்று பின்னேரம் முத்துக்குமாரு வந்தான். மோதகமும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "வெளிக்கிடு" என்றான்.

"மாசி முடியட்டும் அண்ணை. ஒரு மறுமொழி வரவேணும்."

"வராட்டில்?"

குணலட்சுமி முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இனியும் 'பாப்பம்' என்று சொல்ல நாக்குக் கூசியது. "வராட்டில் வாறன்" என்றாள்.

உள்ளே மாமி கேட்டுக்கொண்டுதான் இருந்தா. அண்ணன் போனபிறகு வெளியில் வந்து, மோதகத்தில் ஒன்றை எடுத்துப் பிட்டு மருமகளின் கையில் வைத்தா. "போறதெண்டால் போ பிள்ளை. என்னைப் பாத்துக்கொண்டு நிக்காதை. என்ரை ஒரு வயித்துக்கு நான் மா இடிப்பன்." சொல்லும்போது குரல் பள்ளிக்கூட ரீச்சரின் குரலாகத்தான் இருந்தது. ஆனால் மற்றப் பாதி மோதகம் அவவின் கையிலேயே பிசைந்துபோய்க் கிடந்தது.

மாசி நகர்ந்தது. வெங்காயம் கிளப்பினார்கள். விடியற் குளிர் போய்விட்டது, கிணற்றுத் தண்ணீரும் பழையபடி குளிர்ந்தது. குணலட்சுமி இரண்டு சீலையையும் தாயின் படத்தையும் ஒரு பையில் எடுத்து வைத்தாள். ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தாள். மாமி அந்தப் பையைத் தாண்டித்தான் ஒவ்வொரு நாளும் கூட்டினா.

மாசி முடிய மூன்று நாள் கிடக்கும்போது கொழும்பால் வந்த ஒருவரின் கையில் பார்சல் வந்தது. மேலே யோசப்பின் ரீச்சரின் கையெழுத்து. உள்ளே ரேப் மட்டும். துண்டு இல்லை, பெயரும் இல்லை.

சைக்கிளைக் கவிழ்த்தார்கள். "நான் சுத்திறன்" என்று மாமி பலகைக்கட்டையில் இருந்தா. பல்ப் மினுங்கி, மினுங்கி, பிறகு ஒரே வெளிச்சத்தில் நின்றது. மாமி அதையே பார்த்துக்கொண்டு சுற்றினா.

முதலில் வந்தது பெடலின் கிறீச். அதற்குப் பின்னால், "ம். துவங்கு பிள்ளை" என்று ஒரு கீச்சுக்குரல். மாமி தன் குரலையே அடையாளம் காணாமல், "ஆர் அது?" என்று கேட்டா. பிறகு ஓர் அணில் கிணற்றுத் தண்ணீரைப் பாடியது. அந்த அணிலுக்குப் பின்னால் கிற்றார் போனது. சுருதியை உயர்த்திக் கட்டியிருந்தான். அணில் ஓடினால் ஓடியது, தடுமாறினால் தடுமாறியது, மூச்சு எடுத்தால் நின்றது. எத்தனை நாள் இருந்து பழகினானோ! குரல் எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று ஒவ்வொரு இடமும் அவன் விரலுக்குத் தெரிந்திருந்தது. மாமி வாய்விட்டுச் சிரித்தா. சிரித்துக்கொண்டே பல்ப்பைப் பார்த்தா.

மூன்றாவது வந்தது. மாமியின் கை தளர்ந்த இடத்தில் குரல் இன்னும் இன்னும் ஏறி, ஒரு சின்னப் பெண்பிள்ளையின் குரலாகப் போய் முடிந்தது. கிற்றார் வாசிப்பதை விட்டுவிட்டது. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். பிறகு லயனல் கதைத்தான்.

"அம்மா, கை நோகுதோ? குணத்திட்டைக் குடுங்கோ."

மாமியின் கை நின்றது. அவன் குரல் ஆழத்துக்குள் இறங்கி அடங்கிப்போனது. பல்ப் அணைந்தது. மாமி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு எழும்பி இடம் விட்டா.

குணலட்சுமி இருந்து சுற்றினாள். பல்ப் வந்தது. அவன் வந்தான்.

"குணம், முதல் ரேப்பிலை உன்ரை பேரை எழுத எனக்குப் பயமாக் கிடந்தது. எழுதினால், அவ இஞ்சை இல்லை எண்டு ஆரும் மறுமொழி போட்டால் என்ன செய்யிறது? உன்ரை கடிதம் ஒண்டும் எனக்கு வரேல்லை. நீ கொண்ணரோடை போயிட்டாய் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தனான். இதைப் போட்ட உடனை உன்ரை குரல் எனக்குத் தெரியேல்லை. அம்மாவின்ரை மூச்சுத்தான் முதல் தெரிஞ்சது. சைக்கிள் சுத்தி மூச்சு வாங்கிறா. துவங்கு பிள்ளை எண்டு சொல்லுறா. ஆருக்குச் சொல்லுறா? அம்மா பிள்ளை எண்டு கூப்பிட அந்த வீட்டிலை வேறை ஆர் இருக்கினம்?"

ரேப்புக்குள் காற்று எதையோ உரசியது.

"போ எண்டு எழுதினது நான்தான். அது பொய். போகாதை குணம்."

கண்ணீர் வழிந்து கண்ணை மறைத்தது, பல்ப் ஒன்று மூன்றாகத் தெரிந்தது. குணலட்சுமி துடைக்கவில்லை. துடைப்பதென்றால் கையை எடுக்கவேண்டும், கையை எடுத்தால் அவன் நின்றுவிடுவான். அவள் அழுதுகொண்டே, ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.